பத்தரை மணி வரை அல்லி

ஜனவரி 20, செவ்வாய்

பனி. செங்கல்பட்டே பால் பாத்திரத்துக்குள் விழுந்துவிட்டது. எதிர்வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டியைக் காணவில்லை. திருடு போயிருந்தாலும் ஒன்பது மணிக்குத்தான் தெரியும். மப்ளரும் இஞ்சி டீயும் இல்லாவிட்டால் இந்த மாவட்டம் இன்று தன் ஒப்பற்ற பிரிட்ஜ் மெக்கானிக்கை இழந்திருக்கும்.

இன்றைய வேலை:
பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடை பிரிட்ஜ். கேஸ் ஏற்ற வேண்டும்.
டாக்டர் வீட்டு ஏசி, கரகர சத்தம். உள்ளே எலி. சொன்னால் கோபித்துக்கொள்வார்.
கல்யாணச் சட்டைக்கு அளவு. போன வருட அளவைக் கொடுக்கக் கூடாதென்று உ.து. உத்தரவு.

(உ.து. என்றால் உள்துறை அமைச்சர், அதாவது என் மனைவி கிரேஸ். இந்த நோட்டு அவள் கையில் சிக்கினால் புரியக் கூடாதென்று சங்கேதம் வைத்தேன். விளக்கத்தையும் இங்கேயே எழுதிவிட்டேன். ராஜதந்திரத்தில் சிறு ஓட்டை.)

சாயங்காலம் திருக்கழுக்குன்றம், எஸ்தர் அக்கா வீடு. அக்கா மகள் பெனிட்டாவுக்கு வரும் 28, புதன்கிழமை கல்யாணம். புதுப்பட்டினத்தில், மாப்பிள்ளை வீட்டார் போகும் தேவாலயம். காலை பத்தரை. மாப்பிள்ளையின் அக்கா ஷீபாவும் வந்திருந்தாள். கேளம்பாக்கத்தில் பியூட்டி பார்லர். பெரிய அட்டைப் பெட்டியைத் திறந்து ஒரு பொக்கேவை எடுத்தாள். வெள்ளை ரோஜா, வெள்ளை என்னென்னமோ. எல்லாம் துணி. கிட்டப் போய் மோந்து பார்த்தேன், ஜவுளிக்கடை வாசனை.

"இது வாடவே வாடாது. ஷோகேஸ்ல வச்சா பேரப்புள்ளைங்க கல்யாணத்துக்கும் இப்டியே இருக்கும்," என்றாள் ஷீபா.

பெனிட்டா தொட்டுப் பார்த்தாள். "அழகா கீது அண்ணி. ஆனா எனக்கு நெஜப் பூ வேணும். அன்னிக்கு ஒரு நாள் இருந்துட்டுப் போனா போதும்."

"ரோஸா?"

"அல்லி. நம்ம ஏரி அல்லி."



அக்காதான் முதலில் பாய்ந்தாள். "இன்னாடி பேசுற? வெயில் ஏறுனா மூடிக்குமே அது. ஒம்போது மணிக்கு மொட்டா பூடும். மொட்டப் புடிச்சிகினு நிக்கப் போறியா?"

பெனிட்டா நர்ஸ். முக்கால்வாசி இரவு வேலை. அவள் சொன்ன காரணம்: "டூட்டி முடிஞ்சி விடியக்காலைல பஸ்ல வர்றப்ப ஏரி முழுக்க பூத்து இருக்கும். ஊரு எழுந்துக்கறப்ப நானும் தூங்கப் போவேன், அதுவும் தூங்கப் போவும். அதுவும் நானும் ஒரே ஷிஃப்ட்."

ஷீபா சிரித்தாள், கெட்ட சிரிப்பில்லை. பூக்கடையில் ஏற்கெனவே விசாரித்துவிட்டாளாம். அல்லியா, தொட்டாலே துவளும், கல்யாணத்துக்கு ஆகாத பூ என்று சொல்லிவிட்டார்களாம்.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் வாயை மூடிக்கொண்டு வடை சாப்பிட்டிருப்பான். நாம் எழுந்தோம். "பத்தரை மணிக்கு அல்லி விரிஞ்சிருக்கும். தாய்மாமன் துரைராஜ் வாக்கு. சூரியனாண்ட நான் பேசிக்கிறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். பெனிட்டா சிரிக்கவில்லை. "சரி மாமா," என்றாள். அவ்வளவுதான். ஷீபா துணிப் பொக்கேவைப் பெட்டியில் போட்டு அலமாரி மேல் வைத்தாள். "எதுக்கும் இருக்கட்டும்," என்றாள். நம் கோட்டைக்கு எதிரே நிறுத்திய பீரங்கி.

திரும்பும்போது ஸ்கூட்டரில் யோசனை. மூன்று வருடம் முன்னால் பெனிட்டாவின் பட்டமளிப்பு விழா. குதிரை வண்டியில் வந்து அழைத்துப் போகிறேன் என்று சொன்னது இதே வாய். வழியில் யாரோ ஐஸ்கிரீம் பெட்டி ஓடவில்லை என்றார்கள், இறங்கிப் பார்த்தேன். போய்ச் சேர்ந்தபோது கறுப்பு அங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு கேட் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். டிஷ்யூவில் சுற்றி ஒரு லட்டு எடுத்து வைத்திருந்தாள், எனக்கு. இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை.


ஜனவரி 21, புதன்

முதல் சோதனை. காலை ஐந்தே முக்காலுக்குத் திருக்கழுக்குன்றம் ஏரி. தண்ணீர் ஐஸ். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கியதில் துருவப் பயணம் போனவர்களின் துயரம் முழங்கால் அளவுக்குப் புரிந்தது. பதினோரு பூ. ஒரு பக்கெட் தண்ணீர். கடைக்குக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்துக் கண்காணிப்பு:

7.30 – விரிந்த கை. ஆகா.
8.30 – விரிந்த கை. சூரியன் நம்மைக் கண்டு பயந்துவிட்டது.
9.05 – ஓரத்துப் பூ மெல்ல நிமிர்கிறது. சோம்பல் முறிக்கிறது போலும்.
9.20 – சோம்பல் அல்ல.
9.50 – பதினோரு முஷ்டிகள். எல்லாம் நம் முகத்தை நோக்கி.

விரலால் பிரித்துப் பார்த்தேன். மறுபடி மூடிக்கொண்டது. பேசிப் பார்த்தேன். ஜூஸ் கடைக்காரர் உள்ளே வந்து, "யார்கூட பேசிகினு கீற?" என்றார். போனில் என்றேன். போன் சார்ஜில் இருந்தது, அவர் பக்கத்திலேயே.

காலில் ஓர் அட்டை. மலைப்பாம்பு என்று சொன்னால் உ.து. நம்பவில்லை.


ஜனவரி 22, வியாழன்

மீண்டும் பனி. மீண்டும் ஏரி.

இன்று நம் கோட்பாடு: அல்லிக்கு இரவு என்பது எப்படித் தெரிகிறது? இருட்டு, குளிர். இந்த மாவட்டத்தில் இருட்டையும் குளிரையும் பெட்டியில் அடைத்து ஆளுகிறவர் யார்? நாம். ஆகவே விரிந்த பூவை பிரிட்ஜில் வைத்தால் விடியவில்லை என்று நினைத்துக்கொண்டு விரிந்தபடியே இருக்கும். இத்தனை எளிய உண்மை இத்தனை நூற்றாண்டுகளாக ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று வியந்தபடி கடையின் நல்ல பிரிட்ஜில் ஏழு மணிக்கு வைத்தேன்.

பத்தரைக்குத் திறந்தேன்.

விரிந்துதான் இருந்தன. வெந்த வெங்காயத்தோல்போல். ஓரமெல்லாம் பழுப்பு, நடுவில் கண்ணாடி. தொட்டால் விரலோடு வருகிறது.

பிரிட்ஜ் மெக்கானிக் வைத்த பூவை பிரிட்ஜே கொன்றது. இது வெளியே தெரிந்தால் பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சிரிக்கும். டாக்டர் வீட்டு எலிகூடச் சிரிக்கும். கடைக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் புதைத்தேன். ஒருவரிடமும் சொல்வதாக இல்லை. உ.து. உட்பட. அக்கா உட்பட.

மதியம் பெனிட்டா போன். "இன்னா மாமா, ட்ரையல் எப்டி போவுது?"

"ராக்கெட் வுடுறவங்க கணக்கா பண்ணிகினு கீறேன்."

"அவங்கதும் சில சமயம் கடல்ல விழுதே மாமா."

"நம்மளது ஏரியில எழும்பும்."

வைத்துவிட்டேன். போய் முருங்கை மரத்தடியில் இன்னும் இரண்டு கை மண் போட்டேன்.


ஜனவரி 23, வெள்ளி

ஒன்றும் தோன்றவில்லை. சட்டை அளவு கொடுத்தாயிற்று. தையல்காரர் டேப்பைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், பிறகு டேப்பை. மரியாதையானவர்.


ஜனவரி 24, சனி

எழுதக் கை பறக்கிறது!

மாமல்லபுரம் ரோட்டில் ஒரு ரிசார்ட். முன்கூடத்து ஏசி தண்ணீர் சொட்டுகிறதென்று கூப்பிட்டார்கள். ஏணி மேல் நின்று குழாய் அடைப்பைக் குத்திக்கொண்டிருந்தேன். கீழே பார்த்தேன். பித்தளை உருளி. தண்ணீர். அதில் ஒன்பது வெள்ளை அல்லி, பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு. மணி பதினொன்று இருபது. ஏணியிலிருந்து நான் இறங்கினேனா விழுந்தேனா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது.

"யோவ் அண்ணாத்த! உருளில கைய வுடாத!"

பூ அலங்காரம் செய்கிற பெண். பெயர் காஞ்சனா. இடுப்பில் கத்தரிக்கோல், கண்ணில் அதைவிடக் கூர்மை.

"இது பிளாஸ்டிக்காம்மா?"

"உன் கண்ணுதான் பிளாஸ்டிக்கு. காலைல குளத்துல எறங்கிப் பறிச்சது."

"அப்ப ஏன் மூடல?"

"அத்த ஏன் உனுக்குச் சொல்லணும்? ஏசி ரிப்பேர எனுக்குச் சொல்லித் தர்றியா நீ?"

மன்னர்கள் கெஞ்சுவதில்லை. நாம் கெஞ்சினோம். பெனிட்டாவைப் பற்றிச் சொன்னேன், நம் வாக்கைப் பற்றிச் சொன்னேன். அசையவில்லை. ஒரே ஷிஃப்ட் என்று அவள் சொன்னதைச் சொன்னேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "அப்டியா சொல்லிச்சு பொண்ணு? அட!" என்று சிரித்துவிட்டு, ஒரு பூவைத் தண்ணீரிலிருந்து எடுத்துக் கவிழ்த்துக் காட்டினாள்.

இதழ்கள் தண்டோடு சேரும் இடத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டு. மெழுகு. சாதாரண மெழுகுவத்தி.

அவள் சொன்னபடியே எழுதிக்கொள்கிறேன், ஒரு எழுத்து மாறாமல்:

"நல்லா விரிஞ்சி நிக்கறப்ப வுடணும். மூட ஆரம்பிச்சா அப்பறம் ஒண்ணியும் பண்ண முடியாது. கிட்ட வச்சி வுட்டா வெந்துரும். ஒரு சாண் ஒசரத்துல இருந்து வுடு, எறங்கி வர்றதுக்குள்ள ஆறிடும். எதழுக்கு ஒரு சொட்டு, அடில. தண்டு உள்ள ஓட்ட ஓட்டயா இருக்கும், தொவண்டுரும். தொடப்பத்துல இருந்து ஈர்க்குச்சி உருவி உள்ள சொருவு."

"பூவுக்கு வலிக்காதா?"

"பூவுக்கா, உனுக்கா?"

கிளம்பும்போது கூப்பிட்டாள். "அண்ணாத்த, பிரிட்ஜுல மட்டும் வச்சிராத. கருகிப் பூடும். சில முட்டாப் பசங்க வைப்பாங்க."

"ஆமாம்மா, வைப்பாங்க, வைப்பாங்க," என்றோம், நாட்டின் நிலையை நினைத்து வருந்துகிறவரைப்போல.


ஜனவரி 25, ஞாயிறு

ஆராதனை முடிந்து வீட்டில் பயிற்சி. அல்லி கைவசம் இல்லாததால் வெங்காயத்தில். ஒரு சாண் உயரம் என்பது காஞ்சனாவின் சாணா நம் சாணா என்று கேட்க மறந்துவிட்டேன். மூன்று சொட்டு வெங்காயத்தில், ஐந்து சொட்டு கட்டை விரலில், ஒன்று லுங்கியில், இடம் குறிப்பிட விரும்பவில்லை.

உ.து. வந்து நின்றாள். "வெங்காயத்துக்கு இன்னாத்துக்குய்யா மெழுகு? சமாதிக்கு வைக்கிறியா?"

சொன்னேன். முருங்கை மரத்தடிச் சம்பவம் நீங்கலாக எல்லாம். மெழுகுவத்தியை வாங்கிக்கொண்டாள். சாய்த்தாள். சொட், சொட், சொட். ஊசியில் நூல் கோப்பதுபோல் ஒவ்வொரு மடிப்பின் அடியிலும் ஒரு முத்து. முப்பது வருடம் நம்மோடு வாழ்ந்தவள் கை நடுங்கவே இல்லை என்பது மருத்துவ உலகம் ஆராய வேண்டியது.

"புதங்கெழம நானும் வரேன்," என்றாள். அமைச்சரவை முடிவு. விவாதம் இல்லை.


ஜனவரி 26, திங்கள்

விடுமுறை. தெருமுனையில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். இரண்டு வாங்கினேன், ஒன்று மனைவிக்கு என்று சொல்லி. இரண்டையும் தின்றது, வீட்டில் சர்க்கரை வியாதி உள்ள ஒரே ஆள், நான்.

அதற்கு முன்பே ஏரிக்குப் போய் வந்தாயிற்று. ஐந்து பூ. உ.து. மெழுகு விட, நான் பெருமூச்சு விட:

9.50 – விரிந்த கை.
10.30 – விரிந்த கை!
12.00 – விரிந்த கை!!
1.15 – சாம்பார் சாதம். விரிந்த கை.

படம் எடுத்து பெனிட்டாவுக்கு அனுப்பினேன், பக்கத்தில் கடிகாரத்தோடு. பதில்: "மாமா!!!!" நான்கு ஆச்சரியக்குறி. எண்ணினேன்.

மாலை அக்கா வீடு. ஒரு மாதமாக அவள் பிரிட்ஜ் சரியாகக் குளிரவில்லை என்று புலம்பல். கல்யாணச் சீராக நம் கைவண்ணம். உட்கார்ந்து எல்லாம் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினேன். இப்போது அதில் ஒரு தக்காளியை வைத்தால் கிரிக்கெட் ஆடலாம். அக்கா திறந்து முகத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, "அடேங்கப்பா, ஊட்டி கணக்கா கீதுடா," என்றாள். அவள் என்னைப் புகழ்ந்து ஏழெட்டு வருடம் இருக்கும். அந்தச் சந்தோஷத்தில் இரண்டு தட்டு கேசரி.


ஜனவரி 27, செவ்வாய்

அக்கா வீட்டில் பந்தல், சீரியல் விளக்கு, சொந்தக்காரர் செருப்பு மலை. சட்டை வந்தது. பொத்தான்கள் கடமை உணர்ச்சியோடு பிடித்துக்கொண்டிருக்கின்றன.

நாளைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது: மெழுகுவத்தி 6. தீப்பெட்டி 2. ஈர்க்குச்சி. வெள்ளை ரிப்பன். பஞ்சு. சவுக்குக் கொத்து (பெனிட்டா கேட்டது, கடற்கரைச் சவுக்கு, பச்சை மயிர்போல் மெல்லிசு). லுங்கி. மாற்று லுங்கி.

ஷீபா வந்திருக்கிறாள். அலமாரி மேல் பெட்டியை எட்டிப் பார்த்தாள், பிறகு என்னை. நாம் மீசையை முறுக்கினோம். மீசை போன மாதமே எடுத்தாயிற்று என்பது கை மேலே போனபிறகுதான் நினைவு வந்தது.


ஜனவரி 28, புதன்

சாயங்காலம் நான்கரை. புதுப்பட்டினத்தில் விருந்து மண்டபத்துக்குப் பின்னால், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். வேட்டி முழங்கால் வரை சேறு, காய்ந்து அப்பளம்போல் இருக்கிறது. வரிசையாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் நானே நம்ப மாட்டேன்.

5.40. கிரேஸும் நானும் ஏரி. பதினோரு பூ, ஒவ்வொன்றும் பௌர்ணமி.

6.30. அக்கா வீட்டுப் பின்கட்டில் மெழுகு. ஈர்க்குச்சி. சவுக்கு. ரிப்பன். ஏழு மணிக்கு முடிந்தது. பெனிட்டா பாதித் தலை அலங்காரத்தோடு எட்டிப் பார்த்தாள். ஓர் இதழின் நுனியை மட்டும் தொட்டாள், காய்ச்சல் பார்ப்பதுபோல். உள்ளே போய்விட்டாள். பொக்கேவைப் பக்கெட்டில் நிறுத்திவிட்டுக் குளிக்கப் போனேன்.

7.40. புது வேட்டி, புதுச் சட்டை, சென்ட். பின்கட்டுக்கு வந்தேன். பக்கெட் காலி.

"அக்கா, பொக்கே எங்க?"

அக்கா நகைப் பையைத் தேடிக்கொண்டே: "வெளிய கெடந்தா வாடிடுமேன்னு ஈரத்துணில சுத்தி பிரிட்ஜுல வச்சிட்டேன்டா. மேல் தட்டுல, ஐஸ்பெட்டிக்கு ஒட்டினாப்ல. நீ பண்ண பிரிட்ஜுதானே, ஜம்முனு இருக்கும்."

மல்லிகையோ கனகாம்பரமோ, பூவென்று ஒன்று வீட்டுக்குள் வந்தால் ஈரத்துணி, பிரிட்ஜ். இந்த ஊரில் எந்த அக்காவும் அதைத்தான் செய்வாள். திறந்தேன். துணி விறைத்திருந்தது. பிரித்தேன். வியாழக்கிழமை பார்த்த அதே பழுப்பு, அதே கண்ணாடி.

அக்கா பின்னாலிருந்து, "நல்லா கீதாடா?" என்றாள்.

அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம். மகள் கல்யாணம். தலையில் பூ, கண்ணில் தூக்கமில்லை. பிரிட்ஜில் வைக்கக் கூடாதென்று அவளுக்கு யார் சொன்னார்கள்? சொல்ல வேண்டியவன் நான். என் பவிசு போய்விடுமென்று முருங்கை மரத்தடியில் புதைத்தவனும் நான்.

"சூப்பர்க்கா," என்றேன். பொக்கேவை மட்டும் உருவிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே வந்தேன். வயிறு ஜில்லென்று இருந்தது. கிரேஸ் என் முகத்தைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள். "வண்டிய எடு," என்றாள்.

8.00. ஏரி. பனி! என் வாழ்நாளில் திட்டிய பனிக்கெல்லாம் மன்னிப்புக் கேட்கிறேன். சூரியன் இன்னும் வெள்ளைத் தட்டாகத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் கரையோரப் பூக்கள் இதழை நிமிர்த்தி மூடத் தொடங்கிவிட்டன. நல்லவை எல்லாம் நடுவில். புது வேட்டியோடு இறங்கினேன். இடுப்பளவு. சேற்றில் ஒரு செருப்பு போயிற்று. ஏரி எடுத்துக்கொண்ட காணிக்கை.

ஒவ்வொன்றாகப் பறித்துக் கரைக்கு வர, கிரேஸ் கைப்பையில் மிஞ்சியிருந்த மெழுகுவத்தியை ஏற்றி மெழுகு விட்டாள். காற்று. மூன்று முறை அணைந்தது. பட்டுப் புடவை முந்தானையைச் சுவர்போல விரித்துப் பிடித்துக்கொண்டு, மறுகையால் சொட்டு விட்டாள். அந்தக் கை அப்போதும் நடுங்கவில்லை. ஆடு மேய்க்கிற அம்மா ஒருத்தி நின்று பார்த்தாள்.

"இன்னாத்துக்கும்மா பூவுக்கு மெழுகுவத்தி? செத்துப் பூட்ச்சா?"

"கல்யாணத்துக்கும்மா," என்றாள் கிரேஸ்.

"யாருக்கு, பூவுக்கா?"

சிரிப்பில் ஒரு சொட்டு வீண்.

9.00. ஏழு பூதான் தேறிற்று. மிச்சமெல்லாம் கைக்கு எட்டுவதற்குள் மூடிக்கொண்டன. மிச்ச ஈர்க்குச்சி அக்கா வீட்டிலேயே; செத்த தண்டுக்குள் இருந்தது உருவினால் ஒடிந்தது. ரோட்டோர டீக்கடையில் துடைப்பம் கேட்டேன். கடைக்காரர் என் வேட்டியைப் பார்த்துவிட்டு, ஏதோ பரிகாரம் என்று நினைத்து முழுத் துடைப்பத்தையும் கொடுத்துவிட்டார். செத்த பொக்கேவின் ரிப்பனை அவிழ்த்து இதற்குக் கட்டினேன். சவுக்குக் கொத்து மட்டும் பிழைத்திருந்தது.

9.25. கிளம்பினோம். போனில் பதினான்கு தவறிய அழைப்பு. அக்கா, அக்கா, பெனிட்டா, அக்கா. கார்கள் எப்போதோ போய்விட்டன. வேகமாகப் போனால் காற்றில் இதழ் கிழியும். மெதுவாகப் போனால் மணி கிழியும். கிரேஸ் பின்னால் குடையை விரித்து, பூவை அதற்குள் பிடித்துக்கொண்டாள். நம் ஸ்கூட்டர் புதுப்பட்டினம் சாலையில் ஆமைகளின் அரசனாகச் சென்றது. ஷேர் ஆட்டோ ஒன்று பக்கத்தில் வந்து, "யோவ் பெருசு, எறங்கித் தள்ளிகினு போ, சீக்கிரம் போய்ச் சேருவ!" என்றது. பதில் சொல்ல நூறு வசனம் இருந்தது. சொல்லவில்லை. என் வாழ்க்கையில் முதல்முறை.

இரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் தெளித்தோம். ஒவ்வொரு முறையும் நான் கேட்டேன், "தொறந்து கீதா?" அவள் சொன்னாள், "கீது. ஓட்டு."

கேட் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்த அந்தப் பெண் கண் முன்னால் வந்துகொண்டே இருந்தாள்.

10.24. தேவாலய வாசல். வெள்ளைப் புடவை, தலையில் நெட், பெனிட்டா படியில் நிற்கிறாள். கை வெறுமை. பக்கத்தில் ஷீபா, பெட்டியைத் திறந்து துணிப் பொக்கேவை நீட்டியபடி.

"டைம் ஆச்சி பெனி. போதகர் வந்துட்டாரு. இத்தப் புடி."

"இன்னும் ஆறு நிமிசம் கீது அண்ணி," என்றாள் பெனிட்டா.

நான் ஒற்றைச் செருப்போடு ஓடினேன். குடைக்குள்ளிருந்து கிரேஸ் எடுத்தாள். ஏழும் விரிந்து இருந்தன.

பெனிட்டா வாங்கிக்கொண்டாள். எண்ணினாள். "காலைல பதினொன்னு இருந்துச்சே மாமா?"

அக்கா அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

"நான்தான்மா. வெளிய எடுத்துகினு வந்தேன், கீழ போட்டு மிதிச்சிட்டேன். மறுபடி போய்ப் பறிச்சிகினு வந்தேன்."

"எரும! ஒரு வேலய ஒழுங்கா செஞ்சிக்கீறியாடா நீ!" அக்கா முதுகில் ஒன்று வைத்தாள். சத்தம் பீடம் வரை போயிருக்கும். இத்தனை இனிமையான அடியை நான் வாங்கியதில்லை.

ஷீபா பூவைப் பார்த்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். துணிப் பொக்கேவை நாற்காலியில் வைத்துவிட்டு, டிஷ்யூ எடுத்து ஒரு தண்டில் ஒட்டியிருந்த சேற்றை மெல்லத் துடைத்துவிட்டாள். "போ பெனி," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அங்கிள், உங்க மூஞ்சிலயும் கீது," என்று இன்னொரு டிஷ்யூ நீட்டினாள்.

10.30. நடந்தாள். ஆர்கன் வாசித்தார்கள். கடைசி வரிசையில் நின்றேன், சேறு யார் மேலும் படாமல். மாப்பிள்ளை பூவைத்தான் முதலில் பார்த்தான், பிறகுதான் பெண்ணை. மன்னிக்கலாம். பிரசங்கம் நீளம், நாற்பது நிமிடம். அல்லி தூங்கவில்லை. நான் கொஞ்சம் தூங்கினேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்குக் காரணம் மெழுகுப் புகை, அது காலையில் பட்டது, தாமதமாக வேலை செய்தது.

மதியம் போட்டோ எடுக்கும் இடத்தில் பெனிட்டா சொன்னாள், "இன்னிக்கு எங்க ரெண்டு பேருக்குமே டபுள் டூட்டி மாமா."

பிரியாணி மூன்றாம் பந்தியில் சாப்பிட்டேன். முதல் பந்தியிலும்.


ஜனவரி 29, வியாழன்

வெயில். தும்மல், ஐம்பதாயிரம் முறை. கடை திறக்கவில்லை. வேட்டியை உ.து. ஊறவைத்திருக்கிறாள், வாளியில் ஏரி உருவாகிவிட்டது.

பெனிட்டா காலையில் படம் அனுப்பினாள். மெழுகைப் பிய்த்து எடுத்துவிட்டு ஒரு தட்டுத் தண்ணீரில் மிதக்க விட்டிருக்கிறாள். மூன்று மூடிக்கொண்டனவாம். "தூங்கட்டும்," என்று எழுதியிருந்தாள்.

பதினோரு மணிக்கு அக்கா வந்தாள், திருக்கழுக்குன்றத்திலிருந்து பஸ்ஸில், மிச்சப் பலகாரத்தோடு. கல்யாண வீட்டைப் போட்டுவிட்டு ஏன் வந்தாள் என்று புரியவில்லை. கிரேஸ் காபி போட உள்ளே போனாள். அக்கா என் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"டேய் துரை. பூவ கீழ போட்டு மிதிச்சேன்னியே. எங்க போட்ட?"

நாம் தொண்டையைச் சரிசெய்துகொண்டோம். ஏரிக்கரைப் பாதை, என்றோம். பனியைக் கிழித்துக்கொண்டு ஓர் எருமை. எருமையா அது, ரயில் இஞ்சின். கொம்பு இரண்டும் பனைமர உயரம். பொக்கேவைக் கண்டதும் அதன் கண் சிவந்தது. நாம் வலக்கையால் ஒரு கொம்பைப் பிடிக்க, இடக்கையில் பொக்கே, சுற்று சுற்றென்று சுற்றி, கால் வழுக்கி, பூ கீழே, நாம் அதன் மேலே. எருமை ஒரே தாவில் ஏரியைத் தாண்டி அக்கரையில் போய் விழுந்தது.

எருமை தாவிய இடத்தில் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பிரிட்ஜுல ஈரத்துணி அப்டியே கெடந்துச்சி. உள்ள ஒரு எதழு ஒட்டிகினு இருந்துச்சி, பழுப்பா," என்றாள். "தொவச்சி காயப் போட்டுட்டேன்."

நான் கூரையைப் பார்த்தேன்.

அக்கா பலகாரத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு, "கொம்பு எவ்ளோ ஒசரம்னு சொன்ன?"

"பனமரம்."

"ம். சொல்லு, அக்கரைல போய் வுழுந்துச்சி. அப்பறம் இன்னா ஆச்சு?"